குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர்கள் ஒப்புநோக்குநர்கள் அல்லர்

கடந்த வாரம் இரவு ஒன்பதரை மணியளவில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர், நான் முன்னர் பணியாற்றிய பத்திரிகை நிறுவனம் ஒன்றில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ஒப்புநோக்குநராகக் கடமையாற்றுபவர். "அண்ணை, கடிதம் வந்திட்டுது" என்றார். என்ன கடிதம் என்று நான் கேட்கவில்லை. அது வரும் என்று சில மாதங்களாகவே பேசப்பட்டு வந்தது.

ஒப்புநோக்குநர்கள் நால்வர், பக்க வடிவமைப்பாளர்கள் ஐவர், உதவி ஆசிரியர்கள் இருவர் என மொத்தம் 11 பேருக்கு அக்கடிதம் வழங்கப்பட்டுள்ளது. நிறுவனம் 'டிஜிட்டல் மாற்றத்துக்கு' உட்படுத்தப்படுவதாகவும், அதற்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் மனோபாவம் இல்லாதோர் சுயவிருப்பின் பேரில் ஓய்வுபெறும் திட்டத்தின் கீழ் இம்மாத இறுதிக்குள் விண்ணப்பிக்கலாம் என்றும் அதில் கூறப்பட்டிருக்கிறது. விண்ணப்பிக்காவிட்டால் என்ன நடக்கும் என்பது கடிதத்தில் இல்லை, வாயால் சொல்லப்பட்டிருக்கிறது. சுயவிருப்பு என்ற சொல்லுக்கு நமது முகாமைத்துவங்கள் கண்டுபிடித்துள்ள பொருள் இதுதான்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. கடிதம் பெற்றவர்களின் சேமலாப நிதியும் பணிக்கொடையும் இன்னும் அவர்களது கைக்கு வரவில்லை. காரணம் வாசகர்களுக்குப் புரியும்.

இந்நடவடிக்கைக்கு அடிப்படையாக அமைந்தது ஓர் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை. அதன் சாராம்சத்தை எனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். இணையத்தளம் இருபது ஆண்டுகளாகியும் வருமானம் ஈட்டாமைக்கு மூத்த ஊழியர்களின் மனோபாவமே காரணம் என்பது அதன் முடிவு. அச்சு ஊடகத்தில் ஊறிப்போனவர்கள், கணினிக்கு அஞ்சுபவர்கள், மாற மறுப்பவர்கள் என்றெல்லாம் அவர்கள் வர்ணிக்கப்பட்டிருக்கிறார்கள். பரிகாரமும் சொல்லப்பட்டிருக்கிறது. மூத்தவர்களை அனுப்பிவிட்டு, இளைஞர்களைக் கொண்டு, வேறொரு கட்டடத்தில், இணையத்தளத்துக்கென்று தனியாக ஓர் உப நிறுவனத்தை ஆரம்பிக்க வேண்டுமாம்.

இந்த முடிவு தவறானது, அநீதியானதும் கூட. அந்த இணையத்தளம் அதனைச் செய்த மனிதர்களால் தோற்கவில்லை. யார் யாருக்குக் கீழே பணியாற்றுவது, எந்தப் பகுதியின் பணம் எந்தக் கணக்கில் சேர்வது, எவருடைய கையொப்பமின்றி எது நகராது என்று வகுக்கப்பட்டிருந்த அமைப்பினால் அது தோற்றது. அந்த அமைப்பை வரைந்தவர்கள் பணிப்பாளர் சபையில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள்.

இதற்கு நானே சாட்சி. 2004ஆம் ஆண்டு நான் அங்கு செய்தி ஆசிரியராக இருந்தேன். ஒரு நாள் காலை கனடாவின் ஸ்காபரோவிலிருந்து பல்கலைக்கழக நண்பன் ஒருவன் அழைத்தான். "மச்சான், அப்பா போயிட்டார். நாளைக்குப் பேப்பரிலை வரவேணும். உங்கடை வெப்சைற்றிலையும் போடவேணும். இஞ்சை இருக்கிற ஆக்கள் அதிலைதான் பார்ப்பினம். எவ்வளவெண்டாலும் கிரெடிட் காட்டாலை கட்டுறன்" என்றான். தந்தையார் காலமானது காரைநகரில். பிள்ளைகள் கனடாவிலும் ஜேர்மனியிலும் நோர்வேயிலும் இருந்தார்கள். ஒரு மகள் மட்டுமே ஊரில். ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு மரண அறிவித்தல் என்றால் என்ன என்பதை இதனை வாசிப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளம்பரப் பகுதிக்குப் போனேன். அறிவித்தலை உரிய படிவத்தில் நிரப்பி, மரணத்தை உறுதிப்படுத்தும் ஆவணத்தின் பிரதியோடு, பணத்தையும் கருமபீடத்தில் நேரில் செலுத்த வேண்டும் என்றார்கள். கட்டணம் கொலம் சென்ரிமீற்றர் கணக்கில். இணையத்தளத்துக்கு எவ்வளவு என்று கேட்டேன். "அது எங்கடை பகுதி இல்லை" என்பது பதில்.

இணையத்தளம் அப்போது கணினிப் பகுதியின் கீழ் இருந்தது. கணினிப் பகுதி நிதி முகாமையாளரின் கீழ் இருந்தது. ஏனென்றால் ஆரம்பத்தில் கணினிகளை வாங்கியது அவருடைய பகுதி. இதைத் தவிர வேறு எந்தத் தர்க்கமும் அதற்கு இல்லை. அங்கிருந்த பொறியியலாளர் நல்ல மனிதர். அச்சுக்குப் போன பக்கங்களை மட்டுமே தன்னால் ஏற்ற முடியும் என்றும், அறிவித்தல்களின் கோப்புகளை விளம்பரப் பகுதி தருவதில்லை என்றும் சொன்னார். ஏன் தருவதில்லை என்று விசாரித்தேன். விளம்பர முகாமையாளரின் மாதாந்த இலக்கு அச்சு விளம்பரங்களை வைத்தே கணிக்கப்பட்டது; இணையத்தளத்தில் வெளியாகும் அறிவித்தலுக்கு அவரது பகுதியினருக்குத் தரகுப் பணம் கிடையாது. கிடைக்காத ஒன்றுக்காக அவர் ஏன் கோப்பைக் கொடுக்க வேண்டும்?

கடனட்டையில் பணம் பெறுவது பற்றிக் கணக்குப் பகுதியில் கேட்டபோது, வங்கி அறவிடும் கட்டணத்தை எந்தப் பகுதியின் செலவில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் இருக்கவில்லை. விநியோக முகாமையாளரோ, எல்லாவற்றையும் இணையத்தில் போட்டால் பத்திரிகையை யார் வாங்குவார்கள் என்று நேரடியாகவே கேட்டார். விநியோகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதையே கேட்டிருப்பேன்.

மாலை ஆறு மணிக்கு என் கைப்பணத்தைச் செலுத்தி அச்சுப் பத்திரிகைக்கு அறிவித்தலைக் கொடுத்தேன். இணையத்தளத்தில் அது வரவில்லை. இரவு நண்பன் மீண்டும் அழைத்தான். ஐரோப்பாவிலிருந்து நடத்தப்படும் தமிழ் இணையத்தளம் ஒன்றில் அறிவித்தல் வந்துவிட்டது என்றும், அனுப்பி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை என்றும் சொன்னான். புகைப்படம், கிரியை நடைபெறும் இடம், ஒவ்வொரு பிள்ளையின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. பணத்தை அவன் அங்கே செலுத்தியிருந்தான்.

மரண அறிவித்தலோடு இது முடிவதில்லை. 31ஆம் நாள் நினைவஞ்சலி, நன்றி நவிலல், ஆண்டுத் திவசம் என்று ஒரு குடும்பம் மீண்டும் மீண்டும் வரும் இடம் அது. புலம்பெயர்ந்தோரின் அறிவித்தல்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அமெரிக்கப் பத்திரிகைகளின் சிறு விளம்பர வருமானத்தை, கிரெய்க் நியூமார்க் 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆரம்பித்த 'கிரெய்க்ஸ்லிஸ்ட்' அரித்துத் தின்றது என்று ஊடகக் கருத்தரங்குகளில் பேசுகிறோம். நம்முடைய கிரெய்க்ஸ்லிஸ்ட் மரண அறிவித்தல். ஊருக்கு ஊர் நிருபரும், ஏஜென்ட்டும், தலைமுறை தலைமுறையான நம்பிக்கையும் நம் பத்திரிகைகளிடமே இருந்தன. தொழில்நுட்பத்தில் தேவைப்பட்டது ஒரு படம், இருபது வரி, பணம் பெற ஒரு வழி. அவ்வளவுதான்.

அன்று யாருடைய மனோபாவம் தடையாக இருந்தது? கருமபீடத்தில் இருந்த பெண் உதவவே விரும்பினார். கணினிப் பகுதியில் இருந்த பையன் தானே தட்டச்சுச் செய்து தருவதாகச் சொன்னான். ஒவ்வொருவரும் தத்தமது பெட்டிக்குள் சரியாகவே நடந்துகொண்டார்கள். எல்லோரும் சரியாக நடந்துகொண்டதன் விளைவாக நிறுவனம் பெரியதொரு வருமானத்தை இழந்தது.

1968இல் மெல்வின் கொன்வே என்ற அமெரிக்கக் கணினி நிபுணர் 'டேட்டாமேஷன்' என்ற சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். முதலில் அதனை அவர் அனுப்பியது 'ஹார்வார்ட் பிஸினஸ் ரிவியூ'வுக்கு. தமது வாதத்தை அவர் நிரூபிக்கவில்லை என்று கூறி அவர்கள் நிராகரித்துவிட்டார்கள். முகாமைத்துவச் சஞ்சிகை மறுத்ததைக் கணினிச் சஞ்சிகை ஏற்றது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். ஒரு நிறுவனம் எதை வடிவமைத்தாலும் அது அந்நிறுவனத்தில் உள்ளோர் தமக்குள் எவ்வாறு தொடர்புகொள்கிறார்களோ அதன் பிரதியாகவே அமையும் என்பது அவர் சொன்னதன் சாரம். கணினித் துறையில் இதற்குக் கொன்வேயின் விதி என்று பெயர்.

எங்கள் இணையத்தளத்தை அந்த விதிக்கு உதாரணமாகப் பாடப்புத்தகத்தில் சேர்க்கலாம். செய்திகள் எல்லாம் அதிகாலையில் ஒரே மூச்சில் ஏறும்; பக்கங்கள் அச்சுக்கூடத்திலிருந்து விடுபடும் நேரம் அது. காலை பத்து மணிக்கு நாட்டையே உலுக்கும் சம்பவம் நடந்தாலும் மறுநாள் அதிகாலை வரை தளத்தில் அசைவிராது. கடவுச்சொல் ஆசிரிய பீடத்திடம் இல்லை. அது இருந்த கணினிப் பகுதிக்கோ செய்தியைத் தெரிவுசெய்யும் அதிகாரம் இல்லை. ஞாயிறு இதழுக்குத் தனி ஆசிரியர் இருந்ததால் தளத்திலும் ஞாயிறு என்று ஒரு தனிக் கதவு இருந்தது. ஒரே விடயத்தைப் பற்றி வாரநாளில் எழுதப்பட்டதும் ஞாயிறன்று எழுதப்பட்டதும் ஒன்றையொன்று அறியாமல் கிடந்தன, அந்த இரு ஆசிரியர்களைப் போலவே.

எழுத்துருக் கதையையும் சொல்ல வேண்டும். நம் பத்திரிகைகளின் பக்கங்கள் நீண்டகாலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தயாரிக்கப்பட்டன. திரையில் 'அம்மா' என்று தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் குவியலாகவே இருக்கும். கூகுளால் அதைத் தேடித் தர முடியாது. யுனிகோட்டில் தமிழ் 1991இலிருந்தே இடம்பெற்றிருக்கிறது. ஆனால் மாறுவதென்றால் பக்க வடிவமைப்பு, அச்சுக்கூடம், கணினிப் பகுதி ஆகிய மூன்றும் ஒரே நாளில் மாற வேண்டும். மூன்றுக்கும் பொதுவான மேலாளர் பணிப்பாளர் சபைத் தலைவர் மட்டுமே. எழுத்துரு பற்றிப் பேச அவருக்கு நேரம் இருக்கவில்லை. ஆகவே பழைய இதழ்களின் கோப்புகள் இறுவட்டுகளில் எழுதப்பட்டு ஓர் அலுமாரியில் அடுக்கப்பட்டன. அந்த அலுமாரி எந்தப் பகுதிக்குரியது என்பதும் தீர்மானிக்கப்படவில்லை. ஈழத்துத் தமிழ் ஆவணங்களைத் தேடுவோர் இன்று செல்வது 2005இல் தன்னார்வலர்கள் ஆரம்பித்த நூலகம் இணையத்தளத்துக்கு. சம்பளமும் கட்டடமும் உள்ள நிறுவனங்கள் செய்யாததை ஊதியமில்லாதவர்கள் செய்தார்கள், 'இது எங்கள் வேலை' என்று சொல்ல அவர்களிடையே ஆட்கள் இருந்ததால்.

இனி, தனி உப நிறுவனம் என்ற பரிகாரத்துக்கு வருவோம். இது புதிய யோசனை அல்ல. வொஷிங்டன் போஸ்ட் 1996இல் தனது இணையத்தளத்தை ஆரம்பித்தபோது அதனைத் தனியான ஓர் உப நிறுவனத்திடமே ஒப்படைத்தது. பத்திரிகை வொஷிங்டன் நகரில். இணையத்தளமோ பொட்டோமக் ஆற்றுக்கு மறுகரையில், வேர்ஜீனியா மாநிலத்தின் ஆர்லிங்டனில். வெவ்வேறு முகாமையாளர்கள், வெவ்வேறு கணக்குகள். ஆரம்பத்தில் அதனால் நன்மையும் இருந்தது. பத்திரிகைக்காரர்களின் குறுக்கீடின்றி அவர்கள் பலவற்றைப் பரிசோதித்தார்கள். ஆனால் காலம் செல்லச் செல்ல ஒரே செய்திக்கு ஆற்றின் இரு கரைகளிலும் இரு தலைமைகள் என்ற நிலை சுமையாகியது. 2006இன் இறுதியில் அப்பத்திரிகையின் ஜோன் ஹரிஸ், ஜிம் வண்டெஹெய் ஆகிய இரு அரசியல் செய்தியாளர்கள் விலகிச் சென்று, 2007 ஜனவரியில் 'பொலிற்றிக்கோ'வை ஆரம்பித்தார்கள். வொஷிங்டன் அரசியல் என்பது எந்தப் பத்திரிகையின் கோட்டையோ, அந்தக் கோட்டைக்குள்ளிருந்து போனவர்கள் அதே ஆர்லிங்டனில் கடை விரித்தார்கள். இரு கரைகளையும் இணைக்கும் முடிவை போஸ்ட் 2009இல்தான் எடுத்தது. 2013இல் ஜெஃப் பெஸோஸ் அப்பத்திரிகையை 25 கோடி டொலருக்கு வாங்கினார். அந்த வீழ்ச்சி முழுவதற்கும் ஆறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதின்மூன்று ஆண்டுகள் பரீட்சித்து அவர்கள் கைவிட்ட ஏற்பாட்டை நமக்குப் புதுமை என்று விற்க வருகிறார்கள்.

நியூயோர்க் டைம்ஸ் 2014இல் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டது. இன்றைய வெளியீட்டாளரான ஏ.ஜி. சல்ஸ்பேர்கர் தலைமையிலான குழுவொன்று தயாரித்த உள்ளக அறிக்கை அவ்வாண்டு மே மாதம் வெளியே கசிந்தது. தளத்தின் முகப்புப் பக்கத்துக்கு வருவோர் தொகை இரண்டே ஆண்டுகளில் பாதியாகக் குறைந்திருந்ததை அது ஒளிக்கவில்லை. கிழவர்களை அனுப்புங்கள் என்று அக்குழு முடிவு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது கைவைத்தது அமைப்பில். ஆசிரிய பீடத்துக்கும் வர்த்தகப் பகுதிக்கும் இடையில் விளம்பரதாரரின் செல்வாக்கைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட மதில், காலப்போக்கில் தொழில்நுட்பவியலாளர், வடிவமைப்பாளர், வாசகர் ஆய்வாளர் ஆகியோரையும் மறுபக்கத்தில் தள்ளிவிட்டது என்று அது சுட்டிக்காட்டியது. அவர்கள் எவரும் விளம்பரம் விற்பவர்கள் அல்லர். ஆனாலும் செய்தியாளர் அவர்களோடு பேசுவது ஒழுக்கக்கேடு போலக் கருதப்பட்டது. நாள் முழுவதற்கும் தாளம் போட்டது மறுநாள் முதற்பக்கத்தைத் தீர்மானிக்கும் கூட்டம் என்பதும் அவர்களது குறை. அந்தக் கூட்டத்தின் நோக்கத்தை 2015இல் பிரதம ஆசிரியர் டீன் பக்கே மாற்றினார். 2023இல் அப்பத்திரிகையின் சந்தாதாரர் தொகை ஒரு கோடியைக் கடந்தது. டைம்ஸிடம் நம்மிடம் இல்லாத பணமும் ஆங்கில மொழியும் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மதிலில் கதவு வைப்பதற்குப் பணம் தேவையில்லை.

ஆலோசனை நிறுவனத்தார் இதற்குப் பதிலாக ஷிப்ஸ்டெட்டைக் காட்டக்கூடும். நோர்வேயின் அப்பத்திரிகைக் குழுமம் 2000ஆம் ஆண்டில் பிராந்தியப் பத்திரிகைகளுடன் சேர்ந்து 'ஃபின்' என்ற சிறு விளம்பரத் தளத்தைத் தனி நிறுவனமாகவே ஆரம்பித்தது, அது வென்றது. உண்மை. ஆனால் எப்படி வென்றது? பத்திரிகைகளின் சிறு விளம்பர வருமானத்தைத் தின்பதற்கு அதற்கு உரிமையாளர்களே அனுமதி கொடுத்திருந்தார்கள். அச்சு விளம்பர முகாமையாளரின் தயவில் அது வாழவில்லை. தனியாகப் பிரிப்பதா, ஒன்றாகச் சேர்ப்பதா என்பது இரண்டாவது கேள்வி. அச்சுப் பகுதியின் வருமானத்தோடு மோதும் ஒரு முடிவை எடுக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதே முதற்கேள்வி. இங்கு தயாராகியுள்ள திட்டத்தில் புதிய உப நிறுவனம் விளம்பரம் பெறுவதற்குப் பழைய விளம்பர முகாமையாளரின் சம்மதம் வேண்டும் என்று இருக்கிறதாம். ஆற்றையும் வெட்டி, பாலத்துக்குச் சுங்கமும் வைத்திருக்கிறார்கள்.

மூத்தவர்களில் மாற மறுத்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தார்கள், நானும் ஒருவன். இணையத்தில் எழுதுவது எழுத்தே அல்ல என்று 2001இல் நண்பர்களிடம் வீராப்புப் பேசியவன் நான். ஆனால் என்னைப் போன்றவர்களின் வீம்பு ஒரு நிறுவனத்தை இருபது ஆண்டுகள் தடுத்து நிறுத்தக்கூடியதா? அதற்கு 2020 பதில் சொல்லியது.

அவ்வாண்டு மார்ச் 20ஆம் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எங்கள் பத்திரிகையை அச்சிட்டாலும் கொண்டுசெல்ல வழியில்லாமற் போயிற்று. விளம்பரம் இல்லை, விநியோகம் இல்லை, இலக்கு இல்லை, தரகு இல்லை. ஊரடங்கு நாட்களில் நிறுவனத்தை நடத்தியது ஒரு வட்ஸ்அப் குழு. அதில் பிரதம ஆசிரியர், பிராந்திய நிருபர்கள், பக்க வடிவமைப்பாளர்கள், கணினிப் பகுதிப் பொறியியலாளர், ஒப்புநோக்குநர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். கடவுச்சொல் முதல் நாளே பகிரப்பட்டது. மன்னாரிலிருந்து நிருபர் அனுப்பிய செய்தியை வத்தளையில் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தபடி ஒருவர் ஒப்புநோக்க, கால் மணித்தியாலத்தில் அது தளத்தில் ஏறியது. மின்னிதழும் ஒவ்வொரு நாளும் வெளியாகியது. யாருக்கும் பயிற்சி கொடுக்கப்படவில்லை. இன்று கணினிக்கு அஞ்சுபவர் என்று கடிதம் பெற்றிருப்பவர், தன் மகளின் பழைய மடிக்கணினியில் ஒரு நாளைக்கு நாற்பது செய்திகள் பார்த்தார். நான் கூட உடன் இருந்து கண்டவன். அதற்கு அடுத்த ஆண்டுதான் விலகினேன்.

அலுவலகம் மீண்டும் திறக்கப்பட்டதும் என்ன நடந்தது? கடவுச்சொல் மாற்றப்பட்டது. பாதுகாப்புக் காரணம் என்றார்கள். இணையத்தளம் மீண்டும் நிதி முகாமையாளரின் கீழ் போயிற்று. விளம்பரப் பகுதியின் இலக்கு மீண்டும் அச்சுக்கு மட்டும் கணிக்கப்பட்டது. அதே மனிதர்கள், அதே வயது, அதே மனோபாவம். மாறியது அமைப்பு, அது மாறியபோது வேலை நடந்தது, திரும்பியபோது நின்றது. 2022 மார்ச்சில் பத்திரிகைத் தாள் தட்டுப்பாட்டினால் 'தி ஐலன்ட்', 'திவயின' ஆகியவற்றின் சனிக்கிழமை அச்சுப் பதிப்புகள் நிறுத்தப்பட்டன. எங்கள் நிறுவனமும் பக்கங்களைக் குறைத்தது. அப்போதுகூட வட்ஸ்அப் குழுவின் ஒழுங்கை மீண்டும் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குழு இன்னும் இருக்கிறது. பிறந்தநாள் வாழ்த்துகள் பகிரப்படுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒப்புநோக்குநர் இல்லாத தமிழ் இணையத்தளம் எப்படி இருக்கும் என்பதை நாம் தினமும் காண்கிறோம். இறந்தவரின் பெயரையே பிழையாகப் போடுகிறார்கள். காரைநகரும் காரைதீவும் ஒன்றல்ல என்று தெரிந்த மனிதர் ஒருவர் அந்தக் கட்டடத்தில் இருந்தாக வேண்டும்.

பணிப்பாளர் சபைக்கு என் கேள்விகள் வருமாறு. இந்த 11 பேரில் எத்தனை பேருக்கு இணையத்தளத்தில் ஒரு செய்தியைத் தாமாக ஏற்றும் அனுமதி எப்போதாவது வழங்கப்பட்டிருந்தது? ஊரடங்கு வாரங்களில் தளத்துக்கு வந்த வாசகர் தொகையும் அதற்கு முந்திய, பிந்திய மாதங்களின் தொகையும் ஆலோசனை நிறுவனத்துக்குக் காட்டப்பட்டனவா? விளம்பர முகாமையாளரின் இலக்கில் இணைய வருமானம் இந்த நிதியாண்டிலாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா? ஸ்காபரோவில் இருக்கும் ஒருவர் இன்றிரவு தன் தாயின் மரண அறிவித்தலை உங்கள் தளத்தில் தானாகவே பதிந்து பணம் செலுத்த முடியுமா?

கடைசிக் கேள்விக்கான பதிலை நேற்று நானே முயன்று பார்த்தேன். கருமபீடத்துக்கு நேரில் வருமாறு ஓர் அறிவிப்பும், ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒரு தொலைபேசி இலக்கமும் கிடைத்தன. ஏனைய மூன்றுக்கும் சபையிடமிருந்து பதில் கிடைத்தால் ஒரு சொல்லும் மாற்றாமல் இங்கேயே பிரசுரிக்கிறேன். விண்ணப்பத்துக்கான கடைசி நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருக்கின்றன.